ஆம்லெட்டைப் பார்த்தா பயம்... பாக்கைப் பார்த்தா?

நாலு பைக், எட்டுப் பேர். செமஸ்டர் முடிஞ்ச மறுநாளே கொல்லிமலைக்குக் கிளம்பியாச்சு. நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டி காளப்பநாயக்கன்பட்டி. இதை விட்டால் காரவள்ளி அடிவாரம், அதுக்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறுறதுக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாவது போடணுமே? ஒரு டீக்கடை ஓரமா வண்டியை நிறுத்தி "அண்ணே, எட்டு ஆம்லெட்!" என்கிறீர்கள்.

அப்போதான் கேங்கில் ஒருத்தன் வாயைத் திறப்பான். "டேய், முட்டை வேணாம்டா. கேன்சராம்! எங்க ஃபேமிலி குரூப்ல வந்துச்சு." அவன் பக்கத்தில் இன்னொருத்தன் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே, பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன பாக்குப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழிப்பான்.

இந்த ரெண்டு பேரில் யாருக்கு ரிஸ்க் அதிகம்? கட்டுரை பூரா இந்த ஒரு கேள்விதான்.

டிசம்பரில் என்ன நடந்தது?

2025 டிசம்பரில் ஒரு யூடியூப் சேனல், ஒரு பிராண்ட் முட்டையை லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணியது. ரிசல்ட்டில் நைட்ரோஃபியூரான் என்கிற மருந்துக் குடும்பத்தின் தடயம் தெரிந்தது. வீடியோ பரவியது. ஒரு பிராண்டின் ஒரு பேட்ச் பற்றிய சேதி, ரெண்டே நாளில் 'முட்டையில் கேன்சர்' ஆகிவிட்டது. நம் மக்களுக்கு ஃபார்வர்ட் பட்டன் இருக்கிற வேகத்துக்குப் படிக்கிற வேகம் இல்லையே!

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பிராண்ட் முட்டை, லூஸ் முட்டை இரண்டையும் நாடு முழுக்க சேகரித்து லேபுகளுக்கு அனுப்பச் சொன்னது. டிசம்பர் 20-ஆம் தேதி விளக்கமும் கொடுத்தது. இந்தியாவில் விற்கும் முட்டைகள் சாப்பிடப் பாதுகாப்பானவை. கேன்சரோடு முடிச்சுப் போடுவது தவறான பிரசாரம். கோழி வளர்ப்பின் எந்தக் கட்டத்திலும் நைட்ரோஃபியூரான் தடை செய்யப்பட்ட மருந்து. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்பது லேபில் நம்பகமாகக் கண்டுபிடிக்கக்கூடிய அளவே தவிர, 'இவ்வளவு போடலாம்' என்று கொடுத்த பர்மிஷன் கிடையாது. இதுதான் சாரம்.

பாதிப் பேர் முதல் வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகி விட்டார்கள். மீதிப் பேர் 'தடை செய்யப்பட்ட' என்ற வார்த்தையோடு நின்று பயந்துவிட்டார்கள். நீங்க காலேஜ் படிக்கிறவங்க. ரெண்டையும் சேர்த்தே படிக்கலாம்.

அது என்ன மருந்து?

நைட்ரோஃபியூரான் ஒரு பழைய ஆன்டிபயாடிக் குடும்பம். விலை குறைவு. கோழிக்குக் குடல் நோய் வராமல் இருக்க ஒரு காலத்தில் உலகம் முழுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். இதில் ஒன்றான ஃபியூரசோலிடோனை எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது கட்டிகள் வந்தன. மரபணுவையும் அது சேதப்படுத்துகிறது என்று தெரிந்தது. மரபணுவில் கை வைக்கிற பொருளுக்கு 'இந்த அளவு வரை ஓகே' என்று கோடு போடுவது கஷ்டம். அதனால்தான் அமெரிக்கா 1991-இல் கால்நடைகளுக்குத் தருவதை நிறுத்தியது. ஐரோப்பா 1995-க்குள் முழுசாக மூடிவிட்டது. ஐரோப்பாவுக்குப் போன இந்திய இறால் இந்த மருந்துக்காகவே திருப்பி அனுப்பப்பட்ட கதையை நம் கடலோர ஏற்றுமதியாளர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். இந்தியாவில், உணவுக்காக வளர்க்கும் எந்த விலங்குக்காகவும் இந்த மருந்தைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு 2025-இல் உத்தரவே போட்டது.

இந்த மருந்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். ஆனால் அது உடைந்து உண்டாகும் துண்டு, தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். லேப்காரர்கள் தேடுவது மருந்தை இல்லை, அந்தத் துண்டைத்தான். திருடன் போன பிறகு கைரேகை எடுக்கிற மாதிரி.

சரி, எவ்வளவு? கால்குலேட்டரை எடுங்க. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு முட்டை சுமார் 50 கிராம். அந்த எல்லையைத் தொட்ட முட்டையிலேயே 0.05 மைக்ரோகிராம்தான் இருக்கும். ஒரு கிராம் சேர வேண்டுமென்றால் ரெண்டு கோடி முட்டை வேணும். நாமக்கல் மண்டலத்தில் ஒரு நாளைக்கு ஐந்து கோடி முட்டை உற்பத்தி என்பார்கள். ஒரு பேச்சுக்கு, அத்தனையும் அந்த எல்லையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் இரண்டரை கிராம். டீயில் போடுகிற சர்க்கரையில் அரை ஸ்பூன்.

இன்னொரு வேடிக்கை. இதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரோஃபியூரன்டாயின், சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர்கள் இன்றைக்கும் எழுதித் தரும் மாத்திரை. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம். எடைக் கணக்கில் அது 20 லட்சம் முட்டைக்குச் சமம்! உடனே 'அப்போ ஒண்ணும் ஆகாது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாத்திரை சில நாள்தான், டாக்டர் லாப நஷ்டம் பார்த்துத் தருவது. முட்டை ஆயுசுக்கும் சாப்பிடுவது. அதைச் சாப்பிடுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதனால்தான் தடை. தடயம் கிடைத்தால், அது எந்தப் பண்ணைத் தீவனத்தில் எப்படி நுழைந்தது என்று துருவிக் கேட்கத்தான் வேண்டும். துருவிக் கேட்பது ஒன்று, தட்டைத் தள்ளிவிடுவது வேறொன்று.

தட்டைத் தள்ளினால் யாருக்கு அடி?

காளப்பநாயக்கன்பட்டி இருப்பது நாமக்கல் மாவட்டத்தில். இந்த மாவட்டத்தில் கோழிப்பண்ணை ஷெட்டைப் பார்க்காமல் எந்த ரோட்டிலும் ரொம்ப தூரம் போக முடியாது. தீவன மில், முட்டை லோடு ஏற்றும் லாரி, அட்டை தயாரிக்கிறவர், ஷெட்டில் முட்டை பொறுக்கும் அக்கா... ஒரு வதந்தி இவ்வளவு பேர் வீட்டு உலையில் கை வைக்கும். 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோயே வராத நாமக்கல்லில் முட்டை விலை தரைமட்டமானது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் சத்துணவு முட்டை. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில், 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. அப்போது ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. 2010-இல் வாரத்துக்கு ஐந்து நாளும் என்றானது. கொல்லிமலை மேலே இருக்கிற ஒரு குழந்தைக்கு அன்றைக்குக் கிடைக்கிற உருப்படியான புரதம் அந்த ஒரு முட்டையாகவே இருக்கலாம். ஏறக்குறைய 6 கிராம். 'கேன்சராம், சாப்பிடாதே கண்ணு' என்று ஓர் அம்மா சொல்லிவிட்டால் அந்த நஷ்டம் நிச்சயம். தவிர்த்த ஆபத்தோ, நூறு கோடியில் ஒரு பங்கு அளவைப் பற்றிய ஒரு சந்தேகம்.

லியோன் லிஸ்ட்

கேன்சர் செய்தி எதிலும் 'உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்தியுள்ளது' என்று ஒரு வரி வரும். அதன் பின்னால் இருப்பது பிரான்ஸின் லியோன் நகரத்தில் 1965 முதல் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. உலகத்து ஆய்வுகளையெல்லாம் உட்கார்ந்து படித்து, பொருள்களை குரூப் பிரிப்பது இவர்கள் வேலை. குரூப் 1 என்றால் மனிதருக்குக் கேன்சர் உண்டாக்கும், நிரூபணம் ஆகிவிட்டது. 2ஏ, அநேகமாக உண்டாக்கும். 2பி, உண்டாக்கலாம். குரூப் 3, இருக்கிற ஆதாரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2023-இல் டயட் கோலாவில் போடும் அஸ்பார்டேம் 2பி-யில் சேர்ந்தபோது உலகமே அலறியதே, ஞாபகம் இருக்கா? அதே 2பி-யில்தான் கிழக்காசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் இருக்கிறது.

இந்த லிஸ்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். நல்ல பாம்புக்கு விஷம் உண்டா என்று கேட்டால் 'உண்டு, நிச்சயம்' என்று சொல்வது இந்த லிஸ்ட். அந்தப் பாம்பு வண்டலூர் ஜூவில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறதா, உங்க ஷூவுக்குள்ளே இருக்கிறதா என்று அது சொல்லாது. எவ்வளவு சாப்பிட்டீர்கள், எத்தனை வருஷம் என்ற கணக்கெல்லாம் தனி. 2015-இல் சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி குரூப் 1-க்குப் போனது. சிகரெட்டும் குரூப் 1. ஆதாரம் அதே அளவு உறுதி என்று அர்த்தம். ஆபத்தும் அதே அளவு என்று அர்த்தம் இல்லை.

இப்போ ஒரு ஷாக். முட்டையில் பயந்தோமே, அந்த ஃபியூரசோலிடோன் எந்த குரூப் தெரியுமா? மூணு!

அப்போ தடை எதுக்கு? 'சொல்ல முடியாது' என்பதும் 'சேஃப்' என்பதும் ஒன்றில்லை. மேலும் உணவுச் சட்டம் கேட்கிற கேள்வியே வேறு. இதை உணவில் சேர்க்க அனுமதி இருக்கா, இதனால் சாப்பிடுகிறவருக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்பதுதான் அது. பஞ்சுமிட்டாய் கேஸ் இதற்கு நல்ல உதாரணம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரி முதலில் தடை போட்டது. பின்னாடியே தமிழக அரசும் மாதிரிகளைச் சோதித்துவிட்டுத் தடை செய்தது. காரணம் ரோடமின் பி என்ற பளபள பிங்க் சாயம். துணிக்கும் காகிதத்துக்கும் போடுவது. இதுவும் குரூப் 3-தான். ஆனால் துணிச் சாயத்தைக் குழந்தை நாக்கில் தடவ எந்த நியாயமும் கிடையாது. தடை சரி. கலர் இல்லாத வெள்ளைப் பஞ்சுமிட்டாய் பாவம், அதுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது!

ஆக, தடை லிஸ்ட் வேறு, கேன்சர் லிஸ்ட் வேறு. ரெண்டும் எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு இன்னொரு உதாரணம்: மதுபானம் 1988-லிருந்து குரூப் 1. தமிழ்நாட்டில் 2003 முதல் அதைச் சில்லறையில் விற்பது யார் கடை? பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பூஞ்சை என்கிற சைலன்ட் வில்லன்

கோழித் தீவனத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், அதில் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய ஆசாமியைச் சொல்லாமல் போக முடியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்றே புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சை கக்கிய நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். குரூப் 1. கல்லீரல் கேன்சருக்கு நிரூபிக்கப்பட்ட காரணம். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு இது சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

நம்ம ஊர் மேட்டர் இது. மக்காச்சோளம், கடலை, புண்ணாக்கு எதையும் ஈரத்தோடு மூட்டை கட்டினால் இந்தப் பூஞ்சைக்குக் கல்யாண விருந்து. வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு முழுசாகப் போகாது. மாடு தின்றால் பாலில் வரும். கோழி தின்றால் முட்டையில் அந்த அளவுக்கு இறங்காது என்பது ஓர் ஆறுதல். ஆனால் கோழி நோஞ்சானாகிவிடும் என்பதால் பண்ணைக்காரர்களே இதில் உஷார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கென்றே ஒரு லேப் இயங்குகிறது.

பால் விஷயத்தில் நாம் அவ்வளவு உஷார் இல்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்து, 2019 அக்டோபரில் ரிசல்ட் வெளியிட்டது. 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 எல்லையைத் தாண்டி இருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் தமிழ்நாடு: 551-இல் 88. ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் மாட்டுத் தீவனம் என்று ஆணையமே சொன்னது. இதற்கு எத்தனை ஃபார்வர்ட் வந்தது உங்க ஃபேமிலி குரூப்பில்? முட்டை வீடியோவில் பார்த்த பரபரப்பில் பத்தில் ஒரு பங்கு இதுக்குக் கிடைச்சிருந்தா, மாட்டுத் தீவனத்தைக் காயவைத்து அடுக்குவது பற்றி ஊர் ஊராகப் பேசியிருப்பார்கள்.

உங்க பங்குக்கு ஒரு சின்ன வேலை. கடலை கொறிக்கும்போது நிறம் மாறினது, சுருங்கினது, கசப்பானது வந்தால் துப்பிவிடுங்க. 'காசு போச்சே' என்று முழுங்காதீங்க.

அந்தப் பொட்டலம்

இப்போ டீக்கடை வாசலுக்கு வரலாம். பல்லால் பொட்டலத்தைக் கிழித்தானே, அவன்.

புகையிலை குரூப் 1 என்று எல்லாருக்கும் தெரியும். 'நான் புகையிலை போடலை மச்சி, வெறும் பாக்குதான்' என்பது ஹாஸ்டலில் அடிக்கடி கேட்கிற டயலாக். புகையிலையே சேராத வெறும் பாக்கும் குரூப் 1-தான். 2003-இல் லியோன் கூட்டத்தில் முடிவான விஷயம். இங்கே நூறு கோடியில் ஒரு பங்கு கதையெல்லாம் கிடையாது. கிராம் கணக்கில், கன்னத்துக்குள், மணிக்கணக்கில், தினமும். பாம்பு ஷூவுக்குள்ளே!

அரசு இதை மறந்துவிடவில்லை. ஆனால் அந்தத் தடையின் கதை அரியர் பேப்பர் மாதிரி. 2001-இல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை போட்டது. 2004-இல் உச்ச நீதிமன்றம், மாநில அதிகாரிக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. 2006-இல் புது உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை வைத்து 2013 மே மாதம் மறுபடி தடை. வருஷா வருஷம் நீட்டிப்பு. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தற்காலிகத் தடையை இப்படி நீட்டிக்கொண்டே போக முடியாது என்று ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நடுவில் 'கூல் லிப்' என்று உதட்டுக்குள் வைக்கிற குட்டிப் பை வந்தது. ஸ்கூல் பசங்க கைவரைக்கும் போய்விட்டதைப் பார்த்து, 2024-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, இதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று மத்திய அரசைக் கேட்டது.

வெறும் பாக்குக்கு மட்டும் தடை இல்லை. கர்நாடகம், கேரளம், அஸ்ஸாம் என்று லட்சக்கணக்கான விவசாயிகள் அதை நம்பி இருக்கிறார்கள். தாம்பூலத் தட்டு, கோயில், கல்யாணம் என்று நம் பண்பாட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. வயசான பாட்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடும் ஒரு வெற்றிலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் நான் இல்லை. பாட்டிக்கும் அந்த குரூப் 1 பொருந்தும் என்பது வேறு விஷயம். ஆனால் பத்தொன்பது வயசில் ஒரு நாளைக்கு எட்டுப் பொட்டலம் என்பது பண்பாடு கிடையாது தம்பி, வியாபாரம்.

பாக்கு கேன்சருக்கு முன்னாடியே ஒரு நோட்டீஸ் அனுப்பும். அதற்கு வாய் உள்நார் இறுக்கம் என்று பேர் சொல்லலாம். பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள், கன்னத்தின் உள்பக்கத் தோலில் நார் சேர வைக்கிறது. முதலில் காரம் பட்டால் எரியும். சாம்பார்கூட எரியுதேன்னு நினைப்பீங்க. அப்புறம் கன்னம் உள்ளே வெளுத்து விறைப்பாகும். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கும் அளவு குறையும். கொட்டாவி விட முடியாது, பெரிய தோசைத் துண்டு உள்ளே போகாது. இறுகின நார் தானாகப் பழையபடி இளகாது. நிறுத்தினால் மேற்கொண்டு மோசமாவதைத் தடுக்கலாம், பயிற்சியும் சிகிச்சையும் ஓரளவு உதவும். இப்படி இறுகின வாயில்தான் ஒரு பகுதிப் பேருக்குப் பிற்பாடு கேன்சர் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க லேப், ரிப்போர்ட் எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன் கீழ் ஒன்றாக நெடுக்காக வைத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்க. உங்க விரல், உங்க வாய். பெரும்பாலானவங்களுக்கு மூணும் போகும். ரெண்டோடு நின்றால், பொட்டலம் போடும் பழக்கமும் இருந்தால், பக்கத்து பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில் இந்த வாரமே ஒரு சீட்டு எடுங்க. உங்க கேங்கில் கிழித்தானே, அவன் வாயிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. வேணாம்னு சிரிச்சு மழுப்புவான். ஆம்லெட் வர்ற வரைக்கும் விடாதீங்க.